கிராஃபிங் கால்குலேட்டர் எதை முதலில் செய்யும், எவ்வளவு பெரிய எண்ணைத் தாங்கும்?

கேள்வி சுருக்கமாக இது: டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் (டிஐ) கிராஃபிங் கால்குலேட்டரான டிஐ-84 பிளஸில் 1/2க என்ற சார்பைக் கொடுத்தால் நேர்கோடு வருகிறது. நண்பரின் கேசியோவில் அதே பட்டன்களை அழுத்தினால் வளைகோடு வருகிறது. −3-க்கு வர்க்கம் கேட்டால் −9 என்கிறது. 70! (1 முதல் 70 வரை எல்லா எண்களின் பெருக்கல்பலன்) கேட்டால் ஓவர்ஃப்ளோ, அதாவது எண் இடம் கொள்ளாமல் வழிகிறது, என்று சொல்லி நின்றுவிடுகிறது. கால்குலேட்டரில் கோளாறா, கணக்கைக் கொடுக்கும் விதத்தில் கோளாறா? (நான் 'க' என்று எழுதும் இடத்திலெல்லாம் கால்குலேட்டரின் எக்ஸ் பட்டன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.)

இயந்திரத்தில் கோளாறு இல்லை. நீங்கள் எழுதியதை அது தனக்கென்று உள்ள ஒரு முன்னுரிமைப்படி படிக்கிறது. வழியில் கிடைக்கும் ஒவ்வொரு இடைவிடையையும் அளவெடுத்த ஓர் இடத்துக்குள் வைக்கிறது. அந்த முன்னுரிமை மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும், இடத்தின் அளவும் மாறும். நீங்கள் கேட்ட மூன்றுக்கும் காரணம் இந்த இரண்டுதான். முக்கியமாக, இரண்டும் தனித்தனி விஷயங்கள் இல்லை. எந்த வரிசையில் கணக்குப் போடுகிறது என்பதைப் பொறுத்துத்தான் இடைவிடை அந்த இடத்துக்குள் அடங்குமா, அடங்காதா என்பது.

அடைப்புக்குறி முதலில், பிறகு அடுக்கு, பிறகு பெருக்கல் வகுத்தல், கடைசியில் கூட்டல் கழித்தல் என்பது எல்லோருக்கும் தெரியும். அதில் எந்தக் கிராஃபிங் கால்குலேட்டரும் பிசகுவதில்லை. தகராறு வருவது பள்ளியில் சொல்லிக்கொடுக்காத இடங்களில்: பெருக்கல் குறி எழுதாமல் விட்ட பெருக்கல், எண்ணுக்கு முன்னால் நிற்கும் மைனஸ், அடுக்கின் மேல் அடுக்கு.

முதலில் 1/2க. இங்கே 2-க்கும் க-வுக்கும் நடுவில் பெருக்கல் குறி இல்லை. தாளில் இதைப் பார்க்கும் பலர் "ஒன்றின் கீழ் 2க" என்று படிப்பார்கள். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பழைய மாடல்களான டிஐ-81, டிஐ-82, டிஐ-85 ஆகியவையும் அப்படித்தான் படித்தன. குறியில்லாத பெருக்கலுக்கு வகுத்தலைவிட முன்னுரிமை கொடுத்தார்கள். டிஐ-83 குடும்பத்தில் இதை மாற்றினார்கள். குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெருக்கல் பெருக்கல்தான், வகுத்தலோடு ஒரே வரிசையில் நிற்கும், இடமிருந்து வலமாகப் போக வேண்டியது என்று வைத்துவிட்டார்கள். டிஐ-84 பிளஸும் அந்த வழிதான். ஆகவே உங்கள் கால்குலேட்டர் முதலில் 1/2 போட்டு, வந்த அரையை க-வால் பெருக்குகிறது. க=4 என்றால் 2. நேர்கோடு வராமல் என்ன செய்யும்? கேசியோவின் கிராஃபிங் மாடல்கள் இன்றும் குறியில்லாத பெருக்கலை வகுத்தலுக்கு முன்னால் செய்கின்றன. அங்கே க=4 என்றால் எட்டில் ஒன்று, 0.125. நண்பருடைய வளைகோடு அதிபரவளையம்.

சமூக ஊடகங்களில் வருடாவருடம் சண்டை மூட்டும் 6÷2(1+2) இதே கதைதான். டிஐ-84 பிளஸ் 9 சொல்லும், கேசியோ 1 சொல்லும். எது சரி என்று கேட்டால், என்னைப் பொறுத்தவரை தப்பு கணக்கை அப்படி எழுதியவர் மேல். இரண்டு விதமாகப் படிக்கக்கூடியதை எழுதிவிட்டு இயந்திரங்களைச் சண்டைக்கு விடுவதில் பயனில்லை.

கேசியோவில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. அது குறியில்லாத பெருக்கலையே இரண்டு தட்டாகப் பிரிக்கிறது. 2π, 5அ போல எண்ணை அடுத்து π-யோ மாறியோ வந்தால், அது சைன், லாக், வர்க்கமூலம் போன்ற சார்புகளுக்கும் முந்தியது. 2√3 போல சார்புக்கு முன்னாலோ, அடைப்புக்குறிக்கு முன்னாலோ வந்தால் சார்புக்குப் பிந்தியது, ஆனாலும் வகுத்தலுக்கு முந்தியது. அதனால்தான் அங்கே அடைப்புக்குறி போடாமல் சைன் 2க என்று அடித்தாலும் 2க முழுவதற்கும் சைன் எடுக்கிறது. டிஐ-84-இல் இந்தக் கேள்வியே எழாது, ஏனென்றால் சைன் பட்டனை அழுத்தியதும் அடைப்புக்குறி தானாகத் திறந்துகொள்ளும். அதை மூடுவது உங்கள் பொறுப்பு. மூடாமல் விட்டால் வரியின் கடைசியில் தானே மூடிக்கொள்ளும், அதாவது நடுவில் உள்ளதெல்லாம் உள்ளே போய்விடும். √(9+16 என்று அடித்தால் 5. √(9)+16 என்றால் 19. 'மூடாவிட்டாலும் வேலை செய்கிறதே' என்ற பழக்கம் கொஞ்சம் ஆபத்தானது.

இனி மைனஸ். −3² என்பதற்கு −9 வருவது சரியே. தாளிலும் அப்படித்தான். அடுக்கு முதலில், குறி பிறகு. டிஐ, கேசியோ இரண்டும் இதில் ஒத்துப்போகின்றன. குழப்புவது எக்செல். அங்கே =-3^2 என்று கொடுத்தால் 9 வரும், அது குறியை முதலில் எண்ணோடு ஒட்டிவிடுகிறது. விரிதாளில் பழகியவர்கள் கால்குலேட்டரைச் சந்தேகிப்பதற்கு இது ஒரு காரணம். இன்னொன்றும் இருக்கிறது: −3 அடித்து என்டர் அழுத்திவிட்டு, பிறகு வர்க்கம் பட்டனை அழுத்திப் பாருங்கள். 9 வரும். ஏனென்றால் இப்போது நீங்கள் கேட்பது ஆன்ஸ்-இன் (முந்தைய விடையின்) வர்க்கம், அந்த ஆன்ஸ் ஏற்கெனவே −3 என்ற முழு மதிப்பு. −3-ஐ ஒரு மாறியில் சேமித்து அதை வர்க்கப்படுத்தினாலும் 9-தான். அதே −3, அதே வர்க்கம், இரண்டு விடை.

மைனஸுக்கு இரண்டு பட்டன்கள் இருப்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கழித்தல் பட்டன் வலப்பக்கம் கூட்டல் பெருக்கலோடு இருக்கும். குறை எண்ணுக்கான பட்டன் கீழே என்டருக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள் ஒரு சிறு கோடாக இருக்கும். வரியின் தொடக்கத்தில் கழித்தல் பட்டனை அழுத்தினால் டிஐ-84 "முந்தைய விடையிலிருந்து கழி" என்று புரிந்துகொண்டு ஆன்ஸ்-ஐத் தானே முன்னால் போட்டுக்கொள்ளும். மாற்றிப்போட்டு, 9-க்கும் 7-க்கும் நடுவில் குறை எண் பட்டனை அழுத்தினால் பிழைச் செய்தி வரும். அதுவாவது பரவாயில்லை. இரண்டு மாறிகளுக்கு நடுவில் அதை அழுத்தினால் பிழையே வராது, முதல் மாறியைக் குறைக் குறியிட்ட இரண்டாம் மாறியால் பெருக்கிக் கொடுத்துவிடும். கழித்ததாக நினைத்துக்கொண்டு பெருக்கியிருப்பீர்கள்.

இவை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கடிக்கிற இடம் இருபடிச் சமன்பாடு. 2க²−5க−3=0 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மூலங்கள் 3, −0.5. சூத்திரத்தில் வர்க்கமூலத்தின் உள்ளே நடுக்கெழுவின் வர்க்கம் வர வேண்டும். அதை −5²−4×2×−3 என்று அப்படியே அடித்தால் −25+24, ஆக −1. வர்க்கமூலம் எடுத்ததும் டிஐ-84 மெய்யெண் விடை இல்லை என்று பிழை காட்டும். சமன்பாட்டுக்கு மெய் மூலமே இல்லை என்று நம்பி விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். (−5)² என்று போட்டால் 25+24=49, வர்க்கமூலம் 7. அடுத்து (5+7)/2×2 என்று அடித்தால் 12 வரும், ஏனென்றால் 12-ஐ 2-ஆல் வகுத்து மறுபடி 2-ஆல் பெருக்குகிறது. வகுத்தலுக்குக் கீழே வருவது முழுவதையும் அடைப்புக்குள் போட்டு (5+7)/(2×2) என்றால்தான் 3. ஒரே கணக்கில் இரண்டு கண்ணி.

அறிவியல் முறையில் எழுதிய எண்களிலும் இதே கண்ணி உண்டு, இயற்பியல் வேதியியல் மாணவர்கள் அதிகமாக விழுவது இதில்தான். 6×10^23-ஐ 2×10^3-ஆல் வகுக்க வேண்டும், விடை 3×10^20. அதை 6×10^23/2×10^3 என்று அடித்தால் கடைசியில் உள்ள 10^3 கீழே போகாமல் மேலே வந்து பெருக்கும், 3×10^26 கிடைக்கும். பத்து லட்சம் மடங்கு தவறு. இதற்கென்றே ஈஈ என்ற பட்டன் இருக்கிறது. 6ஈ23/2ஈ3 என்று கொடுத்தால் ஈ-யும் அதன் பின்னால் வருவதும் எண்ணின் ஒரு பகுதி, தனிச் செயல் அல்ல. முன்னுரிமைப் பிரச்சினையே எழாது. பத்தின் அடுக்கைப் பெருக்கல் குறி போட்டு அடிக்கும் வழக்கத்தை விட்டுவிடச் சொல்வேன்.

அடுக்கின் மேல் அடுக்கு: 2^3^2. கணித வழக்கப்படி மேலிருந்து கீழே வர வேண்டும், 2-இன் அடுக்கு 9, 512. டிஐ-84 ஒற்றை வரியில் எழுதும் கிளாசிக் முறையில் இடமிருந்து வலமாகப் போய் 8-இன் வர்க்கம் 64 என்கிறது. எக்செலும் 64. டிஐ-89 512 என்கிறது. டிஐ-84-லேயே மேத்பிரிண்ட் முறையில் (தாளில் எழுதுவது போலவே திரையில் காட்டும் முறை) அடுக்கைத் தூக்கி எழுதினால், திரையில் தெரிகிற வடிவப்படி 512. அதே போல க^1/3 என்பது கனமூலம் இல்லை, க-வின் மூன்றில் ஒரு பங்கு. வரைந்து பார்த்தால் நேர்கோடு விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். கிராஃபிங் கால்குலேட்டரின் பெரிய வசதியே இதுதான் என்பேன்: சார்பைத் தப்பாக அடித்திருந்தால் எண்ணில் தெரியாதது வடிவத்தில் தெரியும். மேத்பிரிண்ட் உள்ள மாடலில் ஆல்ஃபா அழுத்திவிட்டு மேல்வரிசையின் முதல் பட்டனை அழுத்தி, வரும் மெனுவில் முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் மேலும் கீழும் பெட்டியுள்ள பின்ன வடிவம் வரும். அதைப் பழகிக்கொண்டால் வகுத்தல் தொடர்பான பாதித் தலைவலி போய்விடும்.

இனி எண்ணின் அளவு. டிஐ-83, டிஐ-84 குடும்பம் ஒரு மெய்யெண்ணை 9 பைட்டில் வைக்கிறது. ஒரு பைட் குறிக்கும் வகைக்கும், ஒரு பைட் பத்தின் அடுக்குக்கு, மீதி 7 பைட்டில் பைட்டுக்கு இரண்டு வீதம் 14 தசம இலக்கங்கள். திரையில் காட்டுவது 10 இலக்கம்தான். பத்தின் அடுக்கு −99 முதல் 99 வரை. கேசியோவின் கிராஃபிங் மாடல்களிலும் எல்லை அதேதான், உள்ளே 15 இலக்கம், வெளியே 10.

மறைந்திருக்கும் இலக்கங்களை வெளியே எடுக்கலாம். 1234567-ஐ அதே எண்ணால் பெருக்கினால் திரையில் 1.524155677ஈ12 என்று வரும். விடை முழுமையாகத் தெரியவில்லை, ஆனால் உள்ளே இருக்கிறது. அடுத்த வரியில் ஆன்ஸ்-இலிருந்து 1.524155ஈ12 கழித்தால் 677489 வரும். இரண்டையும் ஒட்டினால் 1524155677489, முழு விடை. 14 இலக்கத்துக்குள் அடங்கும் எந்த முழு எண் பெருக்கலுக்கும் இது செல்லும்.

இருமத்தில் அல்லாமல் தசமத்தில் சேமிப்பதால் ஒரு நன்மை: 0.1+0.2−0.3 கேட்டால் சரியாக 0 வரும். இருமத்தில் சேமிக்கும் பைதான் நிரல்மொழியில் கேட்டால் 5.55-க்குப் பக்கத்தில் ஓர் எண், பத்தின் −17 அடுக்கோடு வரும். ஆனால் மூன்றில் ஒன்றைத் தசமமும் காப்பாற்றாது, 14 மூன்றுகளோடு வெட்டுப்படும்.

வரிசையும் அளவும் கைகோக்கும் இடம் இதுதான். 10^15+1−10^15 என்று அடியுங்கள். 0 வரும். முதலில் 10^15+1 போடுகிறது, அதை எழுத 16 இலக்கம் வேண்டும், இடம் இல்லை, 1 விழுந்துவிடுகிறது. அதையே 10^15−10^15+1 என்று மாற்றினால் 1. கணிதத்தில் இரண்டும் ஒன்று, இயந்திரத்தில் ஒன்றல்ல. விளையாட்டுக் கணக்கு என்று தோன்றினால் க²−10^8க+1=0 என்பதைச் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். சிறிய மூலம் ஏறத்தாழ 10^−8. ஆனால் வர்க்கமூலத்துக்குள் 10^16−4 வருகிறது, அந்த 4 காணாமல் போகிறது, 10^8−10^8 என்று ஆகி மூலம் 0 என்று வருகிறது. விடையில் ஓர் இலக்கம்கூட மிஞ்சவில்லை. வழி என்னவென்றால் பெரிய மூலத்தை முதலில் கண்டுபிடிப்பது, பிறகு மாறிலியை அதனால் வகுப்பது, ஏனென்றால் இங்கே இரண்டு மூலங்களின் பெருக்கல்பலன் 1. அப்போது 10^−8 சுத்தமாக வரும். ஏறத்தாழச் சமமான இரண்டு பெரிய எண்களைக் கழிக்கும் இடம் வந்தாலே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

உங்கள் 70!-க்கு வருகிறேன். 69! என்பது 1.711224524ஈ98, எல்லைக்குள் இருக்கிறது. 70! என்பது ஏறத்தாழ 1.198×10^100. எல்லை 10^100-க்குக் கீழே. அவ்வளவுதான் விஷயம். கேசியோவின் இந்த வகை மாடல்களும் அதே 70-இல்தான் நிற்கும். கணினியின் வழக்கமான இரட்டைத் துல்லிய எண்களைப் பயன்படுத்தும் நிரல்களில் எல்லை 1.797×10^308 வரை நீள்வதால் 170! வரை போகும். டிஐ-89 முழு எண்களை 614 இலக்கம் வரை அப்படியே வைத்துக்கொள்ளும், அதனால் 299!-ஐ ஓர் இலக்கம் விடாமல் கொடுக்கும்.

ஆனால் பெரும்பாலும் உங்களுக்கு வேண்டியது 70! அல்ல. 70!/68! போன்ற ஒன்றின் விடைதான் வேண்டும், அது வெறும் 4830. எல்லையைத் தாண்டுவது விடை அல்ல, வழியில் வரும் இடைவிடை. வரிசைமாற்றத்துக்கான என்பிஆர்-ஐ எடுத்து 70 என்பிஆர் 2 என்று கேளுங்கள், 4830 உடனே வரும். 100!/(50!×50!) நிற்கும் இடத்தில், சேர்மானத்துக்கான என்சிஆர்-ஐ எடுத்து 100 என்சிஆர் 50 என்று கேட்டால் தயங்காமல் 1.008913445ஈ29 என்று கொடுக்கும். பெரிய எண்களைப் பெருக்கி வகுக்க வேண்டியிருந்தால் முதலில் வகுத்துவிட்டுப் பிறகு பெருக்குங்கள்: 10^60×10^60/10^60 ஓவர்ஃப்ளோ, 10^60/10^60×10^60 சிக்கலே இல்லை. 100!-இன் அளவேதான் வேண்டும் என்றால் மடக்கைக்குப் போக வேண்டும். 1 முதல் 100 வரை ஒவ்வொன்றின் லாக்-ஐயும் எடுத்துக் கூட்டுங்கள் (டிஐ-84-இல் லிஸ்ட் மெனுவின் சம், சீக்வென்ஸ் இரண்டையும் சேர்த்தால் ஒரே வரி). 157.9700037 வரும். முழுப்பகுதி பத்தின் அடுக்கு, தசமப்பகுதியைப் பத்தின் அடுக்காகப் போட்டால் 9.3326. ஆக 100! என்பது 9.3326×10^157.

மறுமுனையில் இருக்கும் எல்லை இன்னும் மோசமானது, ஏனென்றால் அங்கே சத்தமே வராது. 10^−99-ஐவிடச் சிறிய விடை வந்தால் டிஐ-84 பேசாமல் 0 என்று வைத்துக்கொள்ளும். 0.5-ஐ 400-ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் உண்மையில் 3.87×10^−121. திரையில் 0. அதைக் கீழே போட்டு எதையாவது வகுத்தால் பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று பிழை வரும், எங்கே பூஜ்யம் வந்தது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். நிகழ்தகவுகளைத் தொடர்ந்து பெருக்கும் கணக்குகளில் இது சகஜம். அங்கேயும் மருந்து மடக்கைதான்: 400×லாக்(0.5) என்றால் −120.412, எந்தச் சிக்கலும் இல்லை.

வரைபடத்தில் இந்த எல்லைகள் வேறு முகம் காட்டும். இயற்கை மடக்கையின் அடிமானமான ஈ-யை (2.718..., முன்னே வந்த ஈஈ பட்டனின் ஈ அல்ல) 230-ஆம் அடுக்குக்கு உயர்த்தலாம், 231 என்றால் ஓவர்ஃப்ளோ. ஆனால் அதையே சார்பாக வரைந்தால் பிழைச் செய்தி வராது. எல்லை தாண்டிய புள்ளிகளைப் போடாமல் விட்டுவிட்டு மேலே போகும், அட்டவணையில் மட்டும் அந்த இடத்தில் எரர் என்று இருக்கும். வரைபடத்தில் வெற்றிடம் இருந்தால் அந்த இடத்தில் சார்புக்கு மதிப்பே இல்லை என்று முடிவுகட்டும் முன் அட்டவணையைப் பாருங்கள்.

(1+1/க)^க என்ற சார்பையும் அட்டவணையில் ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். க பெரிதாகப் பெரிதாக 2.718281828-ஐ நெருங்க வேண்டும். கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போகும். க-வை 3×10^12 ஆக்கினால் 1/க என்பது 0.333 பெருக்கல் 10^−12. அதை 1-ஓடு கூட்டும்போது 14 இலக்கத்துக்குள் 1.0000000000003 மட்டுமே மிஞ்சும். பின்னால் இருந்த மூன்றுகள் போய்விட்டன, கூட்டிய பகுதியில் பத்தில் ஒரு பங்கு இழப்பு. 1.0000000000003-இன் 3×10^12-ஆம் அடுக்கு கணிதப்படியே ஏறத்தாழ 2.46தான், 2.718 அல்ல. க-வை 10^15 ஆக்கினால் 1+1/க முழுசாக 1 ஆகிவிடும், அடுக்கு எவ்வளவு இருந்தாலும் விடை 1. இங்கே அடுக்குக்கு முன்னால் அடைப்புக்குள் உள்ள கூட்டலைச் செய்ய வேண்டும் என்ற வரிசைதான் இழப்பை உண்டாக்குகிறது. அதனால் சார்பு எந்த மதிப்பை நெருங்குகிறது என்று எண்ணால் ஊகிக்க வேண்டுமென்றால் க-வை 10^6, 10^7 அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்கு மேல் போகப் போக விடை மோசமாகும்.